டிபன் டப்பாவில் வந்த பிள்ளை

காரியமெல்லாம் முடிந்து, துக்கத்துக்கு வந்திருந்த உறவெல்லாம் பஸ் ஏறி ஊர் போய்ச் சேர்ந்த பிறகு, மகளின் பள்ளிக்கூடப் பையை எங்கே வைப்பது, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆவுடை, உள்ளே கிடக்கிற எவர்சில்வர் டிபன் டப்பாவையாவது கழுவிக் கவிழ்ப்போம் என்று முற்றத்துக்குக் கொண்டுபோய் மூடியைத் திறந்தாள். டப்பாவுக்குள் ஒரு பாம்புக் குட்டி சுருண்டு படுத்திருந்தது. பென்சில் கனம்தான் இருக்கும். மண் நிற உடம்பில் வெளிறிய வரிகள் குறுக்கே ஓடின. சாரைக் குட்டி. ஆவுடை கத்தவில்லை, கத்துவதற்கான தெம்பெல்லாம் ஏற்கெனவே செலவாகியிருந்தது. மூடி ஒரு கையிலும் டப்பா ஒரு கையிலுமாக அப்படியே வெயிலில் நின்றவள், முற்றத்துச் சுவரைப் பார்த்தாள். டப்பாவின் நிழல் டப்பாவாகத்தான் விழுந்திருந்தது. பாம்பின் நிழல் மட்டும் ரெட்டைச் சடை போட்ட ஒரு சிறுமியாகச் சம்மணம் கூட்டிச் சுவரில் உட்கார்ந்திருந்தது. இடது சடை வலதைவிடக் கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. ஆவுடைக்கு என்றைக்குமே சடை சமமாகப் பின்ன வந்ததில்லை.

“வந்துட்டியா?” என்றாள். அதற்குமேல் என்ன கேட்பதென்று தெரியாததால், தினமும் கேட்கிறதையே கேட்டாள். “சாப்பிட்டியா?”

குழல்மொழி என்று பேர் வைத்துக் குழலி என்று கூப்பிட்ட பிள்ளை. மூன்றாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது காய்ச்சல் வந்து, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே போய்விட்டாள். உயிரோடு இருந்தவரைக்கும் அவளைச் சாப்பிட வைப்பதுதான் அந்த வீட்டின் தலையாய வேலை. ஒரு வாய்ச் சோற்றைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு விழுங்காமலும் துப்பாமலும் சாமி சிலை மாதிரி உட்கார்ந்திருப்பாள். எதிரே தட்டை ஏந்திக்கொண்டு, கண்ணை எடுக்காமல், முழுங்குட்டி, முழுங்குட்டி என்று ஆவுடை உட்கார்ந்திருப்பாள். உடம்பில் சத்தே இல்லை, ஒரு முட்டையாவது கொடுங்கம்மா என்று டாக்டர் சொன்னதற்கு, “எங்க வீட்டுல பழக்கமில்லை டாக்டர்” என்று கொஞ்சம் பெருமையாகவே பதில் சொல்லிவிட்டு வந்தவள் ஆவுடை. அந்தப் பதில் இப்போது எந்நேரமும் அவள் காதுக்குள்ளேயே கிடந்தது.

பழக்கமில்லை என்பதை இந்த இடத்தில் கொஞ்சம் விளக்கத்தான் வேண்டும். அம்பலநல்லூர் சைவத் தெருவில் பிறந்தநாளைக்குக் கேக் வெட்ட மாட்டார்கள், அதில் முட்டை இருக்கும் என்று, தேங்காய்தான் உடைப்பார்கள். மீன்காரர் தெருமுனையிலேயே ஹாரனை நிறுத்திவிட்டு, ஏதோ தப்புப் பண்ணியவர் போலத் தலையைக் குனிந்துகொண்டு வண்டியைத் தள்ளிப் போவார். எல்லாரையும் ஒரு படி மிஞ்சியவர் ஆவுடையின் புருஷன் குற்றாலலிங்கம். அவருக்கு அரிசிக் கடை. அரிசிக் கடை என்றால் எலி இல்லாமல் இருக்குமா? ஊரில் உள்ள கடைக்காரர்கள் எல்லாம் விஷம் வைத்தார்கள், பூனை வளர்த்தார்கள். குற்றாலலிங்கம் மட்டும் கூண்டுப் பொறி வைத்துப் பிடித்து, பிடித்ததை ஓர் அடிகூட அடிக்காமல், தினமும் காலையில் மொபெட் ஹேண்டில்பாரில் கூண்டைத் தொங்கவிட்டுக்கொண்டு ஆற்றுப்பாலத்தைத் தாண்டி, அந்தக் கரையில் உள்ள உடைமர முள்ளுக்காட்டில் கதவைத் திறந்துவிட்டு, “போய்ப் பிழைச்சுக்கோ” என்று சொல்லிவிட்டு வருவார். அவர் திரும்பி வருவதற்கு முந்தி எலி கடைக்கு வந்துவிடும் என்று தெருவில் கேலி பண்ணுவார்கள். அவர் சிரித்துக்கொள்வாரே தவிர ஒருநாளும் விஷத்தைக் கையால் தொட்டதில்லை.

அப்படிப்பட்ட தெருவுக்குத்தான் குழலி பாம்பாகத் திரும்பி வந்திருந்தாள்.

முதலில் பார்த்தது பக்கத்து வீட்டில் இருக்கிற நாத்தனார் செண்பகம். உறைமோருக்குக் கிண்ணத்தோடு வந்தவள் டப்பாவைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு மூக்கை உறிஞ்சி ஒருபாட்டம் அழுதாள். அழுது முடித்துவிட்டு, “ஏளா ஆவுடை, பிள்ளைக்கு எண்ணெய் வச்சு எத்தனை நாளாச்சு? சடை எப்பிடிப் பிரிஞ்சு கெடக்கு பாரு” என்று ஒரு குட்டு வைத்தாள். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க வந்து பார்த்தாயிற்று. சைவ சபைத் தலைவர் பொன்னம்பலம், குழலி தெருவில் போகும்போதெல்லாம் கூப்பிட்டுக் கற்கண்டு கொடுக்கிறவர், கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் சுவரையே பார்த்தார்.

“சிவபெருமான் கழுத்துல கிடக்கது என்ன, கனகாம்பரமா? நம்ம பிள்ளை நல்ல இடத்துக்குத்தான் வந்திருக்கா” என்று தீர்ப்புச் சொன்னார்.

அத்தோடு ஆச்சரியமெல்லாம் முடிந்துபோயிற்று. செத்த பிள்ளை எப்படி வந்தது, ஏன் இந்த உருவத்தில் வந்தது என்று யாரும் மண்டையைக் குடையவில்லை; வந்த பிள்ளையைக் கவனிக்கிறதுதான் காரியம் என்று ஆளாளுக்கு வேலையைப் பகிர்ந்துகொண்டார்கள். செல்போனில் படம் எடுத்துப் பார்த்தவர்களுக்குச் சுவர் மட்டும்தான் விழுந்தது, சரி, கண்ணு படாமல் இருக்கட்டும் என்று அவர்களும் விட்டுவிட்டார்கள். வனத்துறைக்குச் சொல்ல வேண்டாமா என்று கேட்ட ஒருத்தரின் வாயை, “பெத்த பிள்ளையை எவனாவது பிடிச்சுக் குடுப்பானா?” என்று எல்லாருமாகச் சேர்ந்து அடைத்தார்கள். தையல்காரம்மா அளவெடுக்காமலே ஒரு பட்டுப் பாவாடை தைத்துக் கொண்டுவந்து, போட முடியாது என்று தெரிந்தும், டப்பாவுக்குப் பக்கத்தில் மடித்து வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் நிழல் பாவாடை கட்டியிருந்தது.

சாயங்கால வெயில் சாய்கிற நேரத்தில், ஆவுடை பாம்பை முறத்தில் விட்டு வாசல்படியில் சாய்த்து வைப்பாள். நிழல் நீண்டு தெருவில் போய் விழும். அது விழுகிற இடமாகப் பார்த்துப் பிள்ளைகள் கோடு கிழித்துப் பாண்டி ஆடுவார்கள். முறத்தில் கிடக்கிற குட்டி தலையை இப்படி ஒருமுறை, அப்படி ஒருமுறை திருப்பும். தெருவில் குழலி ஒற்றைக்காலில் நொண்டிக் கட்டம் கட்டமாகத் தாண்டுவாள். “கோட்டை மிதிச்சுட்டா, அவுட்டு!” என்று பிள்ளைகள் கத்துவார்கள், அவள் மிதிக்கவே இல்லை என்று ஆவுடை வாசலில் இருந்து சண்டைக்குப் போவாள். அப்படி அவள் சண்டை போட்டுக்கொண்டிருந்த சாயங்காலங்களில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை.

ஒரே ஒரு குறை இருந்தது. வந்த நாளிலிருந்து பிள்ளை ஒன்றும் சாப்பிடவில்லை.

பால் வைத்தார்கள், தொடவில்லை. சர்க்கரை போட்டு வைத்தார்கள், ஆறவைத்து வைத்தார்கள், பஞ்சில் நனைத்து வாயருகே பிடித்தார்கள். பருப்புச் சாதத்தில் நெய்விட்டு மசித்து வைத்தார்கள். மலைவாழைப்பழத்தை நசுக்கி வைத்தார்கள். செண்பகம் மதினி பொரிச்ச குழம்பு கொண்டுவந்தாள், பொன்னம்பலம் வீட்டிலிருந்து பஞ்சாமிர்தம் வந்தது, கோயிலிலிருந்து சுண்டல் வந்தது, புட்டு, அவல், அதிரசம், பால்கொழுக்கட்டை என்று வீட்டுக்கு வீடு வந்துகொண்டே இருந்தது. கொண்டுவந்தவர்கள் வைத்துவிட்டுப் போனார்களா என்றால் அதுவும் இல்லை. தன் பண்டத்தைத் தொடுகிறதா, அடுத்தவள் பண்டத்தைத் தொடுகிறதா என்று பார்க்க முற்றத்திலும் ஜன்னலிலும் தலைதலையாக நின்றார்கள். எங்கள் வீட்டு அவியலைப் பார்த்து நாக்கை நீட்டினாள் என்று ஒருத்தி சொல்ல, அது நாக்கு நீட்டியது இல்லை, பழிப்புக் காட்டியது என்று இன்னொருத்தி சொல்ல, இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை நின்றுபோனதுதான் மிச்சம். பாம்பு ஒவ்வொரு கிண்ணத்தையும் நாக்கால் தொட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. சுவரில் குழலி வாயை இறுக மூடிக்கொண்டு இருந்தாள்.

பாம்பு என்ன தின்னும் என்று அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாதா? எல்லாருக்கும் தெரியும். ஒருத்தருக்கொருத்தர் கண்ணைப் பார்க்காமல் இருந்ததிலேயே அது தெரிந்தது. ஆவுடைக்கும் தெரியும். தெரிந்ததை மனசுக்குள்கூடச் சொல்லிப் பார்க்காமல் மறுபடி மறுபடி பாலைக் காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

பிள்ளை இளைத்துக்கொண்டே வந்தது. பாம்பின் தோல் உடம்புக்குப் பெரிசாகி முதுகெலும்பு வரப்பு மாதிரி தூக்கியது. சுவரில் குழலியின் கன்னம் ஒட்டியது, பாவாடை இடுப்பில் நிற்காமல் நழுவியது. பாண்டி ஆடும்போது பாதிக் கட்டத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அவுட்டு என்று கத்தப்போன பிள்ளைகள் கத்தாமல் நின்றார்கள். அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த வள்ளிமயில் மட்டும் மெதுவாக ஆவுடையிடம் வந்தாள்.

“அத்தை, அவளுக்கு முட்டை குடுத்துப் பாருங்களேன். அவளுக்கு முட்டைன்னா அம்புட்டு இஷ்டம்.”

“யாருட்டி சொன்னா?”

“நான் பாத்திருக்கேன்லா. தயிர்ச்சாதத்தை எங்க வகுப்பு அந்தோணிக்குக் குடுத்துட்டு, அவனுக்குச் சத்துணவுல போடுத முட்டையை வாங்கிக்கிடுவா. வேப்ப மரத்துக்கு அந்தப் பக்கம் போயி ஒத்தையில உக்காந்து திம்பா. யாரும் பாக்கக் கூடாதுன்னு சொல்லுவா. வீட்டுல நீங்க பாத்துக்கிட்டே இருப்பியளாம், பாத்தா தொண்டை அடைக்குமாம்.”

தினமும் காலியாக வந்த டப்பாவை ஆவுடை நினைத்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்திலாவது ஒழுங்காகச் சாப்பிடுகிறாளே என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது ஞாபகம் வந்தது. கோபம் வரவில்லை. தன் பிள்ளை ஒரு மரத்துக்குப் பின்னால் உட்கார்ந்து ஆசையாக எதையோ தின்றிருக்கிறாள், அதைத் தான் ஒருநாள்கூடப் பார்த்ததில்லை என்ற வருத்தம்தான் வந்தது.

மறுநாள் அவள் பஸ் ஏறி, தன் முகம் தெரியாத ஊரில் இறங்கி, ஒரே ஒரு முட்டை வாங்கிக்கொண்டு வந்தாள். வாழ்நாளில் முதல்முறையாகக் கையில் பிடித்த முட்டை. கைக்குட்டையில் சுற்றி, பஸ் குலுங்கும்போதெல்லாம் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். புறவாசலில் பழைய தகர டப்பாவில் அவித்து, உரித்து, உள்ளே கொண்டுவந்து வைத்தாள். சுவரில் இருந்த குழலி எழுந்து உட்கார்ந்தாள். இரண்டு கையையும் நீட்டினாள். வந்த நாளிலிருந்து அவள் எதையும் கை நீட்டிக் கேட்டது அதுதான் முதல்தடவை. ஆவுடை முட்டையைப் பிட்டுப் பிட்டு, மஞ்சள் கருவைப் பொடித்து, பாம்பின் வாயருகே நகர்த்தினாள். பாம்பு நாக்கால் தொட்டுப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. நிழலுக்கு ஆசை இருந்தது. விழுங்க வேண்டிய வாய் வேறாக இருந்தது. சுவரில் நீட்டிய கைகள் நீட்டியபடியே வெகுநேரம் இருந்தன, பிறகு ஒவ்வொன்றாக மடியில் விழுந்தன.

முட்டை வாசனை அந்தத் தெருவில் மறைகிற வாசனையா? செண்பகம் மதினி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நின்றாள். சாயங்காலம் சபை கூடிவிட்டது. யாரும் ஆவுடையை வையவில்லை. வைதிருந்தால்கூடத் தேவலை, எல்லாரும் பிரியமாகப் பேசினார்கள்.

“ஆவுடை, நான் சொல்லுததை நல்லா யோசிச்சுப் பாரு” என்றார் பொன்னம்பலம். “அந்த உடம்பு பாம்பு உடம்புதான். நமக்குத் தெரியும். ஆனா நிழல் இன்னும் நம்ம பிள்ளை. சைவத்துல நிக்கிற மட்டும்தாம்மா அவ குழலி. ஒருவாய் அந்தப் பக்கம் தின்னுட்டான்னா, அப்புறம் நிழலும் போயிரும். பாம்புதான் மிஞ்சும். அதுக்குச் சம்மதமா உனக்கு?”

ஆவுடை சுவரைத் திரும்பிப் பார்த்தாள். அவள் தனக்குள் சொல்லிப் பார்க்கப் பயந்த வார்த்தை அது. “சம்மதமில்லை மாமா” என்றாள்.

“அப்போ தீட்சை குடுத்துருவோம். மனசு ஒருநிலைப்பட்டா வயிறு தன்னால வழிக்கு வரும்” என்றார் அவர். எல்லாரும் தலையாட்டினார்கள். ஆவுடையும் தலையாட்டினாள்.

நல்ல நாள் பார்த்துப் பாம்புக்குச் சிவதீட்சை கொடுத்தார்கள். தெருவை அடைத்துக் கோலம், மாவிலைத் தோரணம், நாதஸ்வரம். தீட்சை கொடுக்க வந்த பெரியவர் கொஞ்சம் திணறித்தான் போனார். மந்திரத்தைக் காதில் ஓத வேண்டும், பாம்புக்குக் காது எங்கே இருக்கிறது? யோசித்துப் பார்த்துவிட்டுச் சுவரோடு சுவராகச் சாய்ந்து, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, நிழலின் காதில் ஓதினார். பாம்பின் தலையில் திருநீறு பூசியதும் சுவரில் குழலியின் நெற்றியில் மூன்று கோடு விழுந்தது. கூட்டம் அரஹர என்றது. திருநீறு மூக்கில் ஏறிப் பாம்பு தலையை உதறி உதறித் தவித்ததை ஆவுடை மட்டும்தான் பார்த்தாள். புதுச் சைவப் பிள்ளைக்கு எல்லா வீட்டிலிருந்தும் மறுபடி பால் வந்தது.

அதற்கப்புறம் குழலி பாண்டி ஆட வரவில்லை. முறத்தைச் சாய்த்து வைத்தால் தெருவில் ஒரு பிள்ளை சுருண்டு படுத்திருக்கும், அவ்வளவுதான். பிள்ளைகள் அவளைச் சுற்றி உட்கார்ந்து, அவள்மேல் தங்கள் நிழல் விழாமல் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அந்த நிழலும் மெலிந்து, சுண்ணாம்புச் சுவரின் கீறல்கள் அவள் உடம்பு வழியாகத் தெரிய ஆரம்பித்தன. நெற்றியில் உள்ள மூன்று கோடு மட்டும் பளிச்சென்று இருந்தது. பாம்பைக் கையில் எடுத்தால் ஒரு நூல் அளவுக்குக்கூடக் கனம் இல்லை.

ஒரு மத்தியானம் ஆவுடை தலையைக்கூட வாரிக்கொள்ளாமல் கடைத்தெருவுக்கு நடந்தாள். குற்றாலலிங்கம் ஒரு வாடிக்கைக்காரருக்கு அரிசி நிறுத்துக்கொண்டிருந்தார். அவர் போகிறவரைக்கும் காத்திருந்துவிட்டுக் கேட்டாள்.

“இந்தாங்க, நம்ம கடையில சுண்டெலி இருக்கும்லா?”

அவர் தராசுத் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மகள் போனதிலிருந்து அவர் அதிகம் பேசுவதில்லை. சாயங்காலத்தில் முறத்துக்குப் பக்கத்தில் வந்து உட்காருவார், நிழலின் தலையிருக்கிற இடத்தில் தரையைத் தடவிக் கொடுப்பார், எழுந்து போய்விடுவார்.

“தின்னுட்டான்னா?” என்றார்.

“போயிருவா.”

“தின்னலைன்னா?”

“அப்பவும் போயிருவா. பசியோட போவா.” அதைச் சொல்லும்போதுதான் ஆவுடைக்கு அழுகை வந்தது. “போன தடவையும் பசியோடதாங்க அனுப்பி வச்சேன். இந்தத் தடவை என்னால முடியாது. அவ எம்பிள்ளையா இருக்கணும்னு நான் அவ வயித்துல அடிக்கேன். நிழல் எனக்குத்தான் வேணும். அவளுக்கு வேண்டியது சோறு.”

மறுநாள் காலையில் குற்றாலலிங்கத்தின் மொபெட் பாலத்துப் பக்கம் போகாமல் வீட்டுக்குத் திரும்பி வந்தது. கடையின் பின்கட்டில் கிழிந்த சாக்குக்குள் சுண்டெலி குட்டி போட்டிருந்ததாம். கையைக் குவித்து ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அப்போதுதான் மயிர் முளைக்கத் தொடங்கியிருந்த, கண் திறக்காத குட்டி.

“இதுவும் ஒருத்தி பெத்ததுதான் ஆவுடை.”

“தெரியும்” என்றாள். “அந்தப் பாவம் எனக்கு. நீங்க இப்பிடித் தாங்க.”

ஜன்னலில் தலைகள் கூடிவிட்டன. செண்பகம் மதினி, “ஏளா, வேண்டாம்டி, வேண்டாம்டி” என்று கும்பிட்டாள். ஆவுடை ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினாள். பாலையும் பஞ்சாமிர்தத்தையும் எடுத்துப் புறவாசலில் வைத்தாள். பாம்பின் தலையில் ஒட்டியிருந்த திருநீற்றை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, அது வந்த அதே டிபன் டப்பாவில் அதை விட்டு, எலிக்குட்டியையும் வைத்து, மூடியை ஒருக்களித்து வைத்தாள். பழக்கதோஷத்தில் எதிரே உட்காரப் போனவள், வள்ளிமயில் சொன்னது ஞாபகம் வந்து, சட்டென்று எழுந்தாள். வெளியே வந்து கதவைச் சாத்தி, புருஷனும் பெண்டாட்டியுமாகக் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

வெயில் ஏறியது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை. தெருவிலும் சத்தமில்லை, மூடிய ஜன்னல்களுக்கு வெளியே அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பிறகு டப்பாவின் மூடி லேசாக, கணகணவென்று அடித்துக்கொண்டது. நின்றது. மறுபடி அடித்துக்கொண்டது. குற்றாலலிங்கம் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். ஆவுடை பொத்தவில்லை. தன் பிள்ளை தானாக விரும்பிச் சாப்பிடுகிற சத்தத்தை அவள் அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டாள்.

சத்தம் முழுசாக அடங்கிய பிறகுதான் கதவைத் திறந்தாள். கூரையின் கண்ணாடி ஓடு வழியாக வெயில் இறங்கியிருந்தது. மூடி நழுவிய டப்பாவில் பாம்பு நீட்டிப் படுத்திருந்தது, நடு உடம்பில் ஒரு சின்னப் புடைப்போடு. சுவரில் குழலி உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் கோடு இல்லை. கன்னம் உப்பியிருந்தது. புறங்கையால் வாயைத் துடைத்தாள், சாப்பிட்டு முடித்த எந்தப் பிள்ளையும் துடைக்கிற மாதிரி. வயிற்றைத் தடவிக்கொண்டு, தூக்கம் வந்தவளாக ஒருக்களித்துச் சாய்ந்தாள். ஆவுடை நின்றது நின்றபடி பார்த்தாள். ஒரு மேகம் வந்து வெயிலை மறைத்தது. மேகம் விலகி வெயில் மறுபடி விழுந்தபோது, சுவரில் ஒரு பாம்பின் நிழல், நடுவில் புடைப்போடு, நீட்டிப் படுத்திருந்தது.

தெரு உள்ளே வந்து பார்த்தது. பொன்னம்பலம் சுவருக்குக் கிட்டே போய், கண்ணாடியைக் கழற்றி, போட்டு, மறுபடி கழற்றினார்.

“சொன்னேன்லாம்மா” என்றார். “இப்போ இது வெறும் பாம்பு. நம்ம பிள்ளை இல்லை.”

“இருக்கட்டும் மாமா.”

“எல்லாம் போச்சே ஆவுடை.”

“சாப்பிட்டாளா மாமா, இல்லையா? அதைச் சொல்லுங்க.”

அவர் டப்பாவை எட்டிப் பார்த்தார். சட்டைப்பையில் கையை விட்டார். இன்னும் அவர் பையில் கற்கண்டு இருந்தது.

“சாப்பிட்டா” என்று சொல்லிவிட்டு, குலுங்கிக் குலுங்கி அழுதபடி வெளியே போனார். அன்றைக்குச் சாயங்காலம் தெரு முழுக்கச் சாணி தெளித்தார்கள். ஆவுடை வீட்டு வாசலுக்கு மட்டும் யாரும் தெளிக்கவில்லை. அது தீட்டுக்கு ஒதுக்கியதா, துக்கத்துக்கு விட்டுக்கொடுத்ததா என்று இன்றைக்கும் யாராலும் சொல்ல முடியாது. பிள்ளைகள் கிழித்த பாண்டிக் கட்டம் மட்டும் சாணிக்கு அடியில் மறைந்துபோயிற்று.

மறுநாள் காலை குற்றாலலிங்கம் மொபெட்டை எடுத்தார். பின்னால் ஆவுடை டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஹேண்டில்பாரில் கூண்டு வழக்கம்போல ஆடிக்கொண்டு வந்தது, உள்ளே பொறியில் விழுந்த இரண்டு எலி. பாலத்தைத் தாண்டி, உடைமரக் காட்டின் ஓரத்தில் வண்டியை நிறுத்தினார். ஆவுடைக்குக் கால் இறங்க மறுத்தது.

“தனியாக் கிடந்து என்ன செய்வாங்க இங்கன? சின்னப் பிள்ளை. மறுபடி சாப்பிடாம கிடந்தா யாரு கேப்பா?”

குற்றாலலிங்கம் காட்டைப் பார்த்தார். சருகுக்குள் அங்குமிங்கும் என்னென்னவோ சரசரவென்று ஓடிக்கொண்டிருந்தது. ஹேண்டில்பாரில் தொங்கிய கூண்டைப் பார்த்தார். எத்தனையோ வருஷக் காலைகள், எத்தனையோ கூண்டுகள். அவர் முகம் மெல்ல மாறியது.

“பயப்படாதே ஆவுடை” என்றார். “எம்புட்டு எலியைக் கொண்டுவந்து இங்கன விட்டிருக்கேன் தெரியுமா? அது பிள்ளையும் பேரனுமாப் பெருகி, காடு பூரா அதுதான். நம்ம பிள்ளை பட்டினி கிடக்க மாட்டா.” சொல்லிக்கொண்டே கூண்டுக் கதவைத் திறந்துவிட்டார். என்றைக்கும் சொல்கிறதைச் சொல்ல வாயெடுத்தவர், அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டார்.

ஆவுடை டப்பாவைப் புல்லில் வைத்து மூடியைத் திறந்தாள். குட்டியின் தலையைத் தொட்டு நெட்டி முறித்தாள். பிறகு இரண்டு பேரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு பாலத்தைப் பார்த்து நடந்தார்கள். பின்னால் டப்பாவின் விளிம்பில் ஏதோ உரசி இறங்குகிற சத்தம் கேட்டது. குற்றாலலிங்கத்தின் கழுத்து தன்னாலே திரும்பப் போயிற்று. ஆவுடை அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“திரும்பாதீங்க” என்றாள். “நாம பாத்தா அவ சாப்பிட மாட்டா.”